கூறைச் சேலையில் சுற்றிய மறுமலர்ச்சிக் காலம்

அம்மா கலியாணத்துக்கு உடுத்த கூறைச் சேலை அலுமாரியை விட்டு வெளியே வருவது அபூர்வம். குங்கும நிறம், அகலமான சரிகைக் கரை, மடித்த மடிப்பிலேயே அங்கங்கே நூல் விட்டிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ரொறன்ரோ என்று அது வந்த வழியில் எங்கள் வீட்டு நகைகள்கூட முழுதாக வந்து சேரவில்லை. அந்தச் சேலையை ஒரு சரஸ்வதி பூசையன்று காலையில், ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் அண்ணாவின் வீட்டுச் சாமி அறையில் பார்த்தேன். அது ஒரு புத்தகக் கட்டைச் சுற்றியிருந்தது. கட்டின்மேல் சந்தனப் பொட்டு, பக்கத்தில் நிறைகுடம், கீழே ஒரு மடிக்கணினி, அதன் மூடியிலும் ஒரு பொட்டு. கட்டுக்குள் இருந்தது மச்சாளின் ஆய்வேடு. அன்று காலையே அவர் பல்கலைக்கழகத்துக்குப் போய், அதை முன்னால் வைத்துக்கொண்டு பேராசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவரைக் காரில் கூட்டிப்போகத்தான் நான் வந்திருந்தேன்.

அண்ணாவின் மனைவியை அண்ணி என்பவர்கள் அப்படியே சொல்லட்டும். எங்கள் பக்கத்தில் மச்சாள்தான். கனடாவுக்கு வந்த புதிதில் அவர் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். பிறகு முதியோர் இல்லத்தில் வேலை. அதோடு சேர்த்து, விட்ட படிப்பைப் பிடித்தார். கணக்கியல் படித்து முடிப்பார் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்திருக்க, ஒரு பாடம் குறைகிறதே என்று சும்மா எடுத்த ஐரோப்பிய வரலாற்றில் போய் விழுந்தார். அதற்குப் பிறகு அவரை யாராலும் வெளியே எடுக்க முடியவில்லை. கலியாண வீடுகளில் ஆட்கள் அவரிடம் என்ன படிக்கிறீர் என்று கேட்பார்கள். மறுமலர்ச்சிக் காலம் என்பார். உதுக்கு என்ன வேலை எடுக்கலாம் என்று அடுத்த கேள்வி வரும். மச்சாள் சிரித்துக்கொண்டு வடையை எடுப்பார். நான் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், விற்பவன். எதைப் பார்த்தாலும் இதில் என்ன பிழைக்கலாம் என்றுதான் முதலில் யோசிப்பேன். அந்தப் படிப்புக்கு எந்தக் கம்பனியும் காப்புறுதி தராது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு அந்தப் படிப்பில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. "உந்தச் செத்த வெள்ளையளின்ர கதையை ஏன் பிள்ளை தூக்கிக்கொண்டு திரியிறாய்?" என்று கேட்பார். கோபமாக இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்பார். அதைவிடப் பெரிய பிரச்சினை புத்தகங்களின் அட்டைகள். அந்தக் காலத்துச் சிற்பிகள் சிலைகளுக்குத் துணி கொடுப்பதில் கை இறுக்கமானவர்கள். மச்சாளின் மேசையில் பிறந்த மேனியாக நின்ற ஆண்களைக் கண்டு அம்மா தேநீர்க் கோப்பையை அவர்கள்மேல் வைத்து மறைப்பதுண்டு. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், அண்ணாவின் சுத்தியலும் குறடும் கிடக்கும் ஆயுதப் பெட்டி, என் காப்புறுதி உரிமப் பத்திரம் எல்லாம் சாமி அறைக்குப் போகும். மச்சாளின் புத்தகங்கள் மட்டும் போனதில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மச்சாளும் கேட்டதில்லை. ஆனால் பொட்டு வைத்த புத்தகங்களின் வரிசையை அவர் ஒவ்வொரு வருடமும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்புவதை நான் கண்டிருக்கிறேன்.

அவர் படித்தது என்ன என்பதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். இத்தாலிய நகரங்களில் ஒரு காலத்தில் படித்த மனிதர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. நூற்றாண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த கிரேக்க, ரோம ஏடுகளைத் தேடி மடாலயம் மடாலயமாக அலைந்தார்கள். ஈரத்தில் ஊறியதையும் எலி கடித்ததையும் எடுத்துத் துடைத்துப் படி எடுத்தார்கள். மண்ணுக்குள் கிடந்த பழைய சிலைகள் வெளியே வந்தன. வியாபாரத்தில் தலையெடுத்த குடும்பங்கள் ஓவியர்களையும் அறிஞர்களையும் ஆதரித்து வைத்திருந்தன. மனிதன் வெறும் பாவமூட்டை இல்லை, தன்னைத் தானே வனைந்துகொள்ளக்கூடியவன் என்று எழுதத் துணிந்தார்கள். "ஏடு தேடி வீடு வீடாப் போன ஆக்கள் எங்களிட்டையும் இருந்தவை தம்பி," என்பார் மச்சாள். "கறையான் தின்ன முதல் எடுத்து அச்சில போட்டவை. எங்களுக்கு உது விளங்காமல் வேற ஆருக்கு விளங்கப் போகுது?" இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வேலை முடிந்து வந்த களைப்பு எங்கே போனதென்று தெரியாது.

அந்தப் பழைய ஏடுகளோடு திரும்பி வந்தவற்றில் ஒன்று நினைவுக் கலை. அதுதான் மச்சாளின் ஆய்வு. நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டை மனதில் எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டியவற்றைப் படங்களாக மாற்றி, அந்த வீட்டின் மூலைகளில் ஒழுங்காக வைக்க வேண்டும். படம் சாதாரணமாக இருந்தால் மறந்துவிடும், பார்த்தால் சிரிப்போ அருவருப்போ வர வேண்டும். பேசும்போது மனதுக்குள் அந்த வீட்டில் நடந்துபோய் ஒவ்வொன்றாக எடுத்தால் போதும். பெரிய அறிஞர்கள் தேவாலயங்களையும் மாளிகைகளையும் வைத்து இதைச் செய்தார்கள் என்பது தெரிந்த கதை. வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்களும் தங்கள் சமையலறையையும் படுக்கையறையையும் வைத்து இதே கலையைப் பழகியிருக்கிறார்கள், ஒரு முழு வாதத்தையே அதன்மேல் கட்டியிருக்கிறார்கள் என்பது மச்சாளின் கட்சி. அதை நம்பாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

அவர் தானும் பழகிப் பார்த்தார். முதலில் படத்தில் பார்த்த இத்தாலியத் தேவாலயம் ஒன்றை எடுத்தாராம், மனதில் ஒட்டவில்லை. கடைசியில் மனதாலே பார்க்டேலுக்குப் போனார். ரொறன்ரோவில் நாங்கள் வந்திறங்கிய காலத்தில் எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்த ஒற்றைப் படுக்கையறை வீடு அது. கதவடியில் எங்கள் குளிர் அங்கிகள் தொங்கிய கொளுக்கிகளின் கீழே, மண்ணிலிருந்து தோண்டியெடுத்த வெற்றுடம்புச் சிலை ஒன்று கோட்டு கேட்டுக்கொண்டு நின்றது. ஈரக் காலுறைகள் காய்ந்த ஹீற்றரின் மேல் மடாலயத்து ஏடுகள் காய்ந்தன. சமையலறையில் அச்சு யந்திரத்துக்குப் பதிலாக அம்மாவின் இடியப்ப உரல், பிழியப் பிழிய எழுத்து எழுத்தாய் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே ஸ்ட்ரீட்கார் என்னும் டிராம் வண்டித் தண்டவாளங்கள் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேர்ந்தன. தூரத்தை ஓவியத்துக்குள் கொண்டுவரும் வித்தையை அவர் அங்கே வைத்தார். கடைசி இடம் குளியல் தொட்டி. அந்த வீட்டில் படிப்பதற்கு வேறு இடம் இருக்கவில்லை. மச்சாள் தண்ணீரில்லாத தொட்டிக்குள் தலையணை போட்டுச் சாய்ந்திருந்துதான் ஆங்கிலம் படித்தார். அந்தக் கால இத்தாலியில் படித்த குற்றத்துக்காக ஊர்வாய்க்குப் பயந்து, புத்தகங்களோடு ஓர் அறைக்குள் ஒதுங்கிப்போன பெண்களை அவர் அந்தத் தொட்டிக்குள் இருத்தியிருந்தார்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். பேராசிரியர்கள் தங்கள் வசதிக்குக் குறித்த நாள் சரஸ்வதி பூசையில் வந்து விழுந்தது. அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோஷம். மச்சாள் குளித்துச் சேலை உடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா தன் வேலையைச் செய்துவிட்டார். நான் நிறைகுடத்தை நகர்த்திப் புத்தகக் கட்டை எடுக்கக் குனிந்தேன். "தொடாதே," என்றார் அம்மா. "பூசையில வைச்ச புத்தகத்தை நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுக்கிறது." அவர் இன்று சோதனைக்குப் போகிறார் அம்மா, புத்தகம் வேண்டும் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என் படிப்பில் சந்தேகம் வந்தது. "சோதினைக்கு ஆராவது புத்தகம் கொண்டு போறதோ? பிடிச்சால் வெளியில விடமாட்டினமோ? அதுதான் சாமிக்கு முன்னால வைச்சனான். படிச்சதெல்லாம் தலைக்குள்ள நிக்கட்டும்." அம்மா தெரிந்து வளர்ந்த சோதனை மண்டபத்தில் பென்சிலும் அழிறப்பரும் தவிர வேறெதுவும் மேசைமேல் இருந்தால் கள்ளம். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பதில் சொல்லும் சோதனை ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

மச்சாள் வாசலில் வந்து நின்றார். முதலில் கணினியைப் பார்த்தார். அதற்குள்தான் அன்றைக்குக் காட்ட வேண்டிய படங்களும் குறிப்புகளும் இருந்தன. பிறகு கட்டைப் பார்த்தார். சேலையின் மடிப்பு விலகிய இடத்தில் அட்டையில் வெற்றுடம்புச் சிலை நிற்கும் புத்தகம் ஒன்றின் முதுகு தெரிந்தது. அம்மா அந்த நிர்வாணத்தைத் தன் கூறையால் இடுப்பு முதல் தோள்வரை ஒழுங்காகப் போர்த்தி, ஆய்வேட்டின் கீழே வைத்திருந்தார். மச்சாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் அதைப் பயம் என்று நினைத்தேன். அம்மா அடுப்படிக்குப் போனதும், இப்போதே எடுத்துவிடுவோம், நான் அம்மாவைச் சமாளிக்கிறேன் என்று மெல்லச் சொன்னேன். "வேண்டாம் தம்பி, விடுங்கோ," என்றார். இத்தனை வருட உழைப்பு இன்று ஒரு காலையில் தொங்குகிறது என்றேன். "ஓம். தெரியும். காரை எடுங்கோ." அம்மாவிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, "போட்டு வாறன் மாமி," என்று வெறுங்கையோடு வந்து ஏறினார்.

நகரத்துக்குப் போகும் டொன் வேலி நெடுஞ்சாலை அன்றைக்கென்று வாகனங்களால் நெரிந்து கிடந்தது. இருபுறமும் மரங்கள் சிவந்திருந்தன, அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. ரேடியோவைப் போட்டேன். மச்சாள் கண்ணை மூடியபடியே அதை நிறுத்தினார். "வீட்டுக்குள்ள நடக்கிறன் தம்பி. கதைக்காதேங்கோ." எந்த வீடு என்று கேட்டேன். "பார்க்டேல்." நகரத்துக்குள் நுழையும்வரை ஒரு தடவை மட்டும் தனக்குள் சிரித்தார். அந்தச் சிலை கோட்டு கேட்கிற இடம் என்று நினைக்கிறேன்.

அனுமதி கேட்டு என்னையும் ஒரு மூலையில் இருக்க விட்டார்கள். நீண்ட மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் மச்சாளின் ஆய்வேட்டுப் பிரதி ஒன்று அடையாளத் தாள் செருகிக் கிடந்தது, அவர் முன்னால் தண்ணீர்க் கோப்பை மட்டும். தலைமை தாங்கிய பெண்மணி தன் பிரதியை நீட்டினார். மச்சாள் நன்றி சொல்லி மறுத்து, தன் புத்தகங்களை மாமியார் இன்று கல்வித் தெய்வத்தின் முன் வைத்திருக்கிறார், நாளைதான் எடுக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சிலர் சிரித்தார்கள். வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பரிசோதகர் சிரிக்கவில்லை. மச்சாள் எழுந்தார். தலையைக் கொஞ்சம் உயர்த்தி, கதவுக் கொளுக்கி இருக்கும் உயரத்தில் பார்த்தபடி தொடங்கினார். அவர் என்ன செய்கிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்தது. கழுத்து இடப்பக்கம் திரும்பியதும் ஹீற்றருக்கு வந்துவிட்டார் என்று கண்டுகொண்டேன். ஏடு தேடியவர்களின் கதை வந்தது. வலது கை தன்னையறியாமல் எதையோ பிடித்துத் திருகியது. அது இடியப்ப உரல், அச்சுக்கலை வந்தது. பெயர்கள், நகரங்கள், யார் யாருக்கு எழுதினார் என்ற விவரம் எல்லாம் தடங்கலின்றி வந்தன. அப்போது எனக்குப் பெருமையில் அழுகை வந்தது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினேன், ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

கேள்விகள் தொடங்கின. சிரிக்காத பரிசோதகர் கடைசிவரை காத்திருந்தார். இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு சாதாரண வீட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண் முழு வாதத்தையே தாங்கிப் பிடித்திருப்பாள் என்பதற்கு ஏட்டுத் தடயங்களைவிட என்ன சான்று இருக்கிறது என்று கேட்டார். மச்சாள் அவரை நேராகப் பார்த்தார். தான் பேச எழுந்ததிலிருந்து ஒரு சாதாரண வீட்டுக்குள்தான் நடந்துகொண்டிருப்பதாகவும், இப்போது அதன் குளியல் தொட்டிக்குள் இருப்பதாகவும் சொன்னார். பிறகு கதவடியிலிருந்து தொட்டிவரை அந்த வீட்டை அவர்களுக்குத் திறந்து காட்டினார். திரும்பி நடக்கவும் முடியும் என்று சொல்லி, தொட்டியிலிருந்து கதவுவரை தன் வாதத்தைத் தலைகீழாகச் சொல்லி முடித்தார். அந்தப் பரிசோதகர் பேனாவின் மூடியைப் போட்டுவிட்டு, இதற்குமேல் தனக்குக் கேள்வியில்லை என்றார். எங்களை வெளியே அனுப்பி, மறுபடி கூப்பிட்டபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். தலைமைப் பெண்மணி மச்சாளை டொக்டர் என்று அழைத்துக் கைகொடுத்தார்.

வீட்டில் அம்மா அவலும் கடலையும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "என்ன பிள்ளை, பாஸோ?" "பாஸ் மாமி." "பாத்தியே, புத்தகம் இஞ்ச இருந்ததுதான் நல்லது," என்றார் அம்மா. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அங்கே எல்லோரும் புத்தகத்தோடு இருந்தார்கள், மச்சாள் ஒருவர்தான் வெறுங்கையோடு நின்றார் என்று போட்டு உடைத்துவிட்டேன். அம்மாவின் முகம் வாடியது. "அப்ப ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?" மச்சாள் அம்மாவின் கையைப் பிடித்தார். "முதல்முறையா என்ர புத்தகத்தை வைச்சனீங்கள் மாமி. அதை எப்பிடி எடுக்கிறது?" அம்மா அவலைக் கிண்ணத்தில் போட்டு நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, புத்தகமில்லாமல் எப்படிச் சொன்னாய் என்று கேட்டார். மச்சாள் பார்க்டேல் வீட்டுக்குள் அவரைக் கூட்டிப்போனார். ஹீற்றர் வந்ததும் அம்மா மறித்தார். "இல்லைப் பிள்ளை, கதவுக்குப் பிறகு சப்பாத்து வைக்கிற தட்டெல்லோ. அதுக்குப் பிறகுதான் ஹீற்றர்." அந்த வீட்டின் ஒவ்வொரு அங்குலத்தையும் குனிந்து துடைத்தவர் அவர்தான். அன்று முதல் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார். செத்த வெள்ளையர்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டு ஆட்களானார்கள்.

மச்சாள் இப்போது அதே பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார். ஆய்வு நூலாகவும் வந்துவிட்டது. இந்த வருடம் ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில், கடைகளுக்கு மேலே இருக்கும் மண்டபம் ஒன்றில், நூலைப் பற்றித் தமிழில் பேசக் கூப்பிட்டார்கள். மறுமலர்ச்சிக் காலத்தைக் கேட்க யார் வருவார்கள் என்று பயந்து, என் வாடிக்கையாளர்களை எல்லாம் நான் இழுத்து வந்தேன். தேவையே இருக்கவில்லை, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மச்சாள் வழக்கம்போல வெறுங்கையோடு பேசினார். கதவு, ஹீற்றர், உரல், ஜன்னல். தண்டவாளம் புள்ளியில் சேர்ந்ததும் நன்றி வணக்கம் என்றார். சபை கைதட்டத் தொடங்க, முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பிள்ளை, தொட்டியை விட்டிட்டாய்." சபை சிரித்தது. மச்சாள் கூச்சத்தோடு, "அது வேண்டாம் மாமி," என்றார். பேராசிரியர்கள் முன் சொன்னதைச் சொந்தக்காரர் முன் சொல்ல அவருக்கு வெட்கம். அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினார். "இவள் சொல்ல மாட்டாள், நான் சொல்லுறன். குளிக்கிற தொட்டிக்குள்ள இருந்துதான் இவள் படிச்சவள். நான் கதவில தட்டித் தட்டி வெளியில வா எண்டு கத்தினனான். அந்த நாளையில அங்கயும் படிச்ச பொம்பிளையளை அப்பிடித்தான் அறைக்குள்ள இருத்தினவையாம். இவள் தொட்டிக்குள்ள இருந்து இஞ்ச வந்து நிக்கிறாள். இப்ப தட்டுங்கோ கையை." அந்தக் கைதட்டலைப் போல ஒன்றை நான் எந்தக் கலியாண வீட்டிலும் கேட்டதில்லை.

சென்ற வாரம் மறுபடி சரஸ்வதி பூசை. கூறைச் சேலை வெளியே வந்தது. அம்மா அதை நாலாய் மடித்து விரிப்பாகப் போட்டு, அதன்மேல் மச்சாளின் நூலை நிமிர்த்தி வைத்தார். அட்டையில் அந்த வெற்றுடம்புச் சிலை முழு உயரத்துக்கு நின்றது. மச்சாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். உவருக்கு இந்தமுறை உடுப்பு இல்லையோ என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சந்தனத்தைக் குழைத்துச் சிலையின் நெற்றியில் பொட்டு வைத்தார். "உவர் எங்கட பார்க்டேல் வீட்டுக் கதவடியில நிண்ட ஆள்தானே," என்றார். "இருக்கட்டும்." பிறகு என் காப்புறுதி உரிமப் பத்திரத்தை வாங்கி அந்தச் சிலையின் காலடியில் வைத்துவிட்டு விளக்கை ஏற்றினார்.